லாரி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது: கோணல் சேசிஸிலா, அதற்குக் கீழேயா?

கேள்வி இதுதான்: மரத்தட்டு போட்ட 14 அடி லாரி, வயது 13. இடது பின்பக்கம் வலதைவிட 40 மி.மீ. தாழ்ந்து நிற்கிறது. முன் டயர் ஒரு ஓரமாகத் தேய்கிறது. அலைன்மென்ட் பார்த்த பிறகும் ஸ்டியரிங் நேராக நிற்கவில்லை. பட்டறையில் "சேசிஸ் பெங்கோக்" (அடிச்சட்டம் கோணல்) என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, இழுத்து நிமிர்த்தப் பெரிய தொகை கேட்கிறார்கள். நம்பலாமா?

அளக்காமல் நம்பாதீர்கள். 40 மி.மீ. சாய்வை மட்டும் வைத்துச் சேசிஸ் கோணல் என்று யாராலும் சொல்ல முடியாது. சேசிஸ் நேராக இருக்கும்போதே லாரி சாயும். சேசிஸ் முறுக்கிக்கொண்டிருந்தும் கமான் (பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) அதை ஈடுகட்டி லாரி நேராக நிற்பதும் உண்டு. டயர், ஆக்சில், கமான், சேசிஸ், மேல்தட்டு என்று ஐந்து அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. கீழிருந்து மேலே ஒவ்வோர் அடுக்காகக் கழித்துக்கொண்டே வந்தால்தான் சேசிஸின் பங்கு எவ்வளவு என்று தெரியும். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கட்டுமான வேலையில் இருப்பவர்களிடம் உள்ள டேப், தூக்குக்குண்டு, நூல், ரசமட்டம், நீர் நிரப்பி மட்டம் பார்க்கும் 10 மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாய் இவையே போதும்.

முதலில் லாரி நிற்கும் இடத்தைப் பாருங்கள். சாலையோரத்தில் அளந்த அளவுக்கு மதிப்பில்லை. சிங்கப்பூரில் நாம் இடதுபக்கம் ஓட்டுகிறோம், சாலையும் மழைநீர் வடிவதற்காக இடது ஓரத்தை நோக்கித்தான் சரிந்திருக்கும். நூற்றுக்கு இரண்டு பங்கு சரிவு இருந்தாலே, 1400 மி.மீ. சக்கர அகலத்தில் 28 மி.மீ. வித்தியாசம் வந்துவிடும். உங்கள் 40-இல் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடலாம். கார்பேட்டைத் தளமும் தண்ணீர் வடியச் சரித்துப் போட்டதுதான். நான்கு சக்கரம் நிற்கும் இடங்களைக் குழாய் மட்டத்தால் பாருங்கள். தாழ்ந்த சக்கரத்தின் கீழ் பிளைவுட் துண்டு வைத்து, நான்கையும் 2 மி.மீ.க்குள் கொண்டுவாருங்கள். தட்டில் உள்ள சாமான், ஸ்பேர் சக்கரம், கருவிப்பெட்டி எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். டீசல் டாங்கி ஒரு பக்கமாகத் தொங்குகிறது, 100 லிட்டர் டீசல் ஏறக்குறைய 84 கிலோ. அதனால் டாங்கி காலியாகும் நிலையில் அளப்பது நல்லது. டயர் நான்கும் ஒரே காற்றழுத்தம், ஒரே அளவு, ஏறத்தாழ ஒரே தேய்மானம் இருக்கட்டும். பின்சக்கரம் இரட்டை டயர் என்றால் உள் டயரையும் சேர்த்துப் பாருங்கள். உள் டயரில் காற்று இறங்கியிருப்பது வெளியிலிருந்து தெரியாது.

வெயிலில் அளக்க வேண்டாம். 6 மீட்டர் எஃகுச் சட்டம் ஒன்றில் வெயில் பட்டு, மற்றதைவிட 20 டிகிரி சூடேறினால் அது 1.4 மி.மீ. நீளும், கொஞ்சம் வில்லாகவும் வளையும். காலை ஏழு மணிக்கோ கூரைக்குக் கீழோ அளங்கள். குழாய் மட்டத்துக்கும் இது பொருந்தும். குழாயின் ஒரு பாதி வெயிலில் கிடந்தால் இரு முனைகளிலும் நீர்மட்டம் ஒத்துவராது. குழாயில் காற்றுக்குமிழி இருந்தாலும் அளவு பொய்யாகும்.

இப்போது நான்கு மூலைகளிலும் மூன்று உயரங்களை எடுத்து எழுதுங்கள்: தரையிலிருந்து ஆக்சில் மையம் வரை, ஆக்சிலின் மேல்முகத்திலிருந்து சேசிஸின் அடிவிளிம்பு வரை, சேசிஸின் மேல்விளிம்பிலிருந்து தட்டின் தளம் வரை. வலதும் இடதும் முதல் அளவில் வேறுபட்டால் குற்றம் டயரிலோ தரையிலோ இருக்கிறது. மூன்றாவதில் வேறுபட்டால் தட்டுக்குக் கீழே உள்ள மரம் காரணம். தட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஓடும் நீள மரம் ஒரு பக்கம் உளுத்து நசுங்கியிருக்கும். மீன், ஐஸ், ஈரமான காய்கறி ஏற்றும் லாரிகளில் இது அதிகம், தண்ணீர் எப்போதும் ஒரே மூலையில்தான் வடியும். மரத்தை மாற்றினால் முடியும் வேலைக்குச் சேசிஸை இழுக்கக் காசு கொடுக்காதீர்கள். கேபின் மட்டும் சாய்ந்திருந்தால் கேபின் தாங்கும் ரப்பரைப் பாருங்கள்.

இரண்டாவது அளவில்தான் வித்தியாசம் என்றால் கமானும் சேசிஸும் மட்டுமே சந்தேகத்தில் மிஞ்சுகின்றன. இங்கே ஓர் எளிய குறி உண்டு. முன்பக்கச் சேசிஸும் பின்பக்கச் சேசிஸும் ஒரே திசையில் சாய்ந்தால் பெரும்பாலும் கமான்தான். பின் கமான் முன்னதைவிட மிகவும் விறைப்பானது, அது ஒரு பக்கம் உட்கார்ந்தால் முன்பக்கத்தையும் தன்னோடு சாய்த்துவிடும். பின்பக்கம் இடப்புறமும் முன்பக்கம் வலப்புறமும் சாய்ந்தால்தான் முறுக்கு என்ற சந்தேகத்துக்கு இடம் உண்டு. சந்தேகம் மட்டும்தான், தீர்ப்பு அல்ல.

கமானை நின்றபடி குனிந்து பார்த்து விட்டுவிடாதீர்கள். பட்டை உடைவது அதிகமும் பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டின் ஓட்டை வழியாகத்தான், அந்த இடத்தைக் கமானை ஆக்சிலோடு கட்டும் யு போல்ட்டும் தகடும் மூடியிருக்கும். பட்டைகளுக்கு நடுவே துருப்பொடி கசிந்த கோடு, ஒரு பட்டை பக்கவாட்டில் நகர்ந்த அடையாளம், ஷேக்கிள் (கமானின் முனையைச் சேசிஸோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) நிற்கும் கோணத்தில் வலது இடது வித்தியாசம் இவற்றைத் தேடுங்கள். பட்டைகளின் எண்ணிக்கையையும் தடிமனையும் இருபுறமும் எண்ணிப் பாருங்கள். முந்தைய உரிமையாளர் ஒரு பக்கம் மட்டும் கூடுதல் பட்டை போட்டிருந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் புதிய கட்டு மாற்றியிருந்தாலோ சாய்வு வரும். கமானை ஜோடியாக மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றுவது தப்பு. ஓட்டுநர் எடைக்காக வலதும் இடதும் வேறு வளைவில் செய்து அனுப்பப்படும் கமான்களும் சில வண்டிகளில் உண்டு. அவை இடம் மாறிப் பூட்டப்பட்டிருந்தால் புதுக் கமானிலும் சாயும். முன்பக்கம் கமானுக்குப் பதில் டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி) உள்ள லாரி என்றால், அதன் திருகில் உயரத்தைச் சரிசெய்ய முடியும். அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

கமானா இல்லையா என்பதற்கு உறுதியான சோதனை, பின் கமான் கட்டுகள் இரண்டையும் வலது இடதாக மாற்றிப் பூட்டுவது. சாய்வும் பக்கம் மாறினால் கமான்தான். மாறவில்லை என்றால் மேலே போகலாம். ஒரு நாள் கூலி ஆகும், ஆனாலும் சேசிஸ் வேலைக்குக் கேட்கும் தொகையோடு ஒப்பிட்டால் அது சிறிது. கழற்றிய யு போல்ட்டை மறுபடி போடாதீர்கள். ஒருமுறை முறுக்கி இழுபட்ட மரைக்குப் பழைய பிடிப்பு வராது. புதியதைக் குறுக்குக் குறுக்காக முறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி முறுக்க வேண்டும். யு போல்ட் தளர்ந்தால் பாரம் முழுக்கச் சென்டர் போல்ட்டின் தலையில் விழும், அது அறுந்தால் ஆக்சிலே பின்னுக்கு நகரும்.

உங்கள் ஸ்டியரிங் புகாருக்கு இந்த நகர்வே காரணமாக இருக்கலாம். பின்பக்கக் கமானின் முன்முனையைச் சேசிஸோடு கோக்கும் ஊசியின் (ஸ்பிரிங் பின்) மையத்திலிருந்து ஆக்சில் மையம் வரை இருபுறமும் அளங்கள். 1400 மி.மீ. அகலத்தில் 10 மி.மீ. வித்தியாசம் என்றால் ஆக்சில் 0.4 டிகிரி திரும்பியிருக்கிறது. 3.4 மீட்டர் வீல்பேஸில் (முன் பின் ஆக்சில்களின் இடைவெளி) லாரியின் மூக்கு அதனால் 24 மி.மீ. பக்கவாட்டில் போகும். ஓட்டுநர் ஸ்டியரிங்கைச் சாய்த்துப் பிடித்துத்தான் நேராக ஓட்ட முடியும். முன்சக்கரத்தை மட்டும் பார்க்கும் அலைன்மென்ட் இதைத் தீர்க்காது, டயரைத்தான் தின்னும். ஈரத்தரையில் நேராக 20 மீட்டர் ஓட்டி, முன் பின் டயர்த் தடங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்று பார்த்தாலும் தெரிந்துவிடும். முன் ஆக்சிலையும் இப்படியே அளந்து வையுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சாய்வு நிற்கிறதா? அப்போதுதான் சேசிஸை அளக்க வேண்டும். லாரிச் சேசிஸ் என்பது நீளவாட்டில் ஓடும் இரண்டு 'சி' வடிவச் சட்டங்களும் அவற்றைப் பிணைக்கும் குறுக்குச் சட்டங்களும் கொண்ட ஏணி. ஓட்டத்தில் முறுக்கிக்கொடுத்துத் திரும்பி வரும்படியே அதை வடிவமைத்திருக்கிறார்கள். திறந்த 'சி' வடிவம் வளைவை நன்றாகத் தாங்கும், முறுக்கை அவ்வளவாகத் தடுக்காது. ஆகவே நான்கு ஸ்டாண்டில் தூக்கி வைத்தால் அந்த ஸ்டாண்டுகளின் உயரத்துக்கு ஏற்பச் சேசிஸே வளைந்துகொடுக்கும், நீங்கள் ஸ்டாண்டைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். பல பட்டறைகள் தவறுவது இங்கேதான்.

முறுக்கை அறிய மூன்று புள்ளியில் நிறுத்துங்கள். முன் கமானின் பின் ஹேங்கர் (கமானைச் சேசிஸில் பிடித்திருக்கும் தாங்கி) அருகே இருபுறமும் இரண்டு ஸ்டாண்ட். பின்பக்கம் இரு சட்டங்களுக்கும் குறுக்காக ஒரு கனமான எஃகு பீம் வைத்து, அதன் சரி நடுவில் ஒரே ஜாக்கி. பீமுக்கு இருபுறமும், சேசிஸுக்கு 10 மி.மீ. கீழே, பாதுகாப்பு ஸ்டாண்ட் கட்டாயம் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கை, தலை நீட்டக்கூடாது. தட்டைச் சேசிஸோடு பிணைக்கும் யு போல்ட்டுகளைத் தளர்த்திவிடுங்கள், கழற்ற வேண்டாம். விறைப்பான பெட்டி உடம்பு இருந்தால் இது மிகவும் முக்கியம், ஏனென்றால் சேசிஸை முறுக்கிப் பிடித்திருப்பது அந்தப் பெட்டியாகவே இருக்கக்கூடும். ஒரு பக்கமாகத் தொங்கும் பாரம் எதுவும் இருக்கக்கூடாது. பேட்டரியையும் கழற்றி வையுங்கள்.

இப்போது நேரான அலுமினியக் குழல் ஒன்றை இரு சட்டங்களின் அடிவிளிம்பிலும் ஒட்டிப் பிடித்து, டிஜிட்டல் ரசமட்டத்தால் மூன்று இடங்களில் பாருங்கள்: கேபினுக்கு முன், கேபினை ஒட்டிப் பின்னால், கடைக்கோடியில். ஒவ்வொன்றும் எத்தனை டிகிரி என்பது முக்கியம் இல்லை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசமே முறுக்கு. சட்டங்களுக்கு இடையே 700 மி.மீ. என்றால் அரை டிகிரி 6 மி.மீ., ஒரு டிகிரி 12 மி.மீ. அரை டிகிரிக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு டிகிரியைத் தாண்டினால் ஜாக்கியை இறக்கி ஏற்றி மூன்று முறை அளங்கள். மூன்றிலும் அதே திசை, அதே அளவு வந்தால் நிலையான முறுக்கு இருக்கிறது. எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் வித்தியாசம் விழுகிறதோ அங்கேதான் குறுக்குச் சட்டம் தளர்ந்திருக்கும்.

அடுத்தது குறுக்களவு. ஒரு சட்டம் மற்றதைவிடப் பின்னுக்குத் தள்ளப்பட்டால் ஏணி சாய்சதுரமாகிவிடும். ஒரு மூலையில் வாங்கிய இடியும், ஒரே ஓரத்தில் கொக்கி போட்டு இழுத்ததும் இதற்குக் காரணமாகும். தொழிற்சாலையில் போட்ட ஓட்டைகளையே புள்ளியாக எடுங்கள். ஸ்பிரிங் பின் மையங்களும் குறுக்குச் சட்டத்தின் ரிவெட்களும் பொருத்தமானவை. உடம்பு கட்டியவர் போட்ட ஓட்டைகளை நம்பக்கூடாது, அவை ஒருபோதும் இருபுறமும் ஒத்திருக்காது. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் குறியிடுங்கள். குண்டு ஆடிக்கொண்டே இருந்தால் எண்ணெய் ஊற்றிய டப்பாவில் முக்கிப் பிடித்தால் அடங்கும், நூலை வைத்துப் புள்ளியைத் தரைக்கு இறக்கலாம். நான்கு ஜோடிப் புள்ளிகளாவது வேண்டும். அவற்றை முன், நடு, பின் என்று மூன்று கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளங்கள். 2000 மி.மீ. நீளமும் 700 மி.மீ. அகலமும் உள்ள கட்டத்தில் ஒரு சட்டம் 5 மி.மீ. நகர்ந்தால் மூலைவிட்டங்கள் ஏறக்குறைய 9.5 மி.மீ. வேறுபடும். அதாவது டேப் காட்டும் வித்தியாசத்தில் பாதிதான் உண்மையான நகர்வு. 20 மி.மீ. என்று யாராவது பயமுறுத்தினால், எதை அளந்து சொல்கிறார் என்று கேளுங்கள்.

மூலைவிட்டம் வேறுபட்டால் உடனே சாய்சதுரம் என்று முடிவு கட்டவும் வேண்டாம். ஒவ்வொரு ஜோடிப் புள்ளிக்கும் நடுப்புள்ளியைத் தரையில் குறித்து, முதல் நடுப்புள்ளிக்கும் கடைசி நடுப்புள்ளிக்கும் நூல் கட்டி அடியுங்கள். இடையில் உள்ள நடுப்புள்ளிகள் கோட்டிலேயே விழுந்தால் ஏணி தள்ளப்பட்டிருக்கிறது. கோட்டை விட்டு விலகினால் சேசிஸ் பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. இரண்டுக்கும் இழுக்கும் முறை வேறு, தவறான திசையில் இழுத்தால் இருந்ததும் கெடும். 3 மி.மீ. வரை உங்கள் கையின் பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 மி.மீ.க்கு மேல் வந்தால் முழுவதையும் புதிதாக அளங்கள், மறுபடியும் அதுவே வந்தால் உண்மை. இவை கைக்கணக்கு. உங்கள் மாடலின் பழுதுபார்ப்புக் கையேட்டில் எல்லை கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

தொய்வுக்கு, லாரியை மீண்டும் சக்கரத்தில் இறக்கிவிட்டு, சட்டத்தின் அடியில் இரு முனையிலும் 25 மி.மீ. கட்டை வைத்து நைலான் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். அரை மீட்டருக்கு ஒருமுறை இடைவெளியைக் குறியுங்கள். 6 மீட்டர் நூல் தானே ஒரு மில்லிமீட்டர் அளவு தொய்யும். சில சேசிஸ்கள் கேபினுக்குப் பின்னால் படி இறங்கும், சில கடைசியில் குறுகும். ஆகவே அளவை நேர்கோட்டோடு ஒப்பிடாமல் வலதை இடதோடு ஒப்பிடுங்கள். கேபினுக்குப் பின்னால் கிரேன் பூட்டிய லாரிகளில், கிரேனைத் தாங்கும் துணைச் சட்டம் முடியும் இடத்தில் தொய்வும் விரிசலும் சேர்ந்தே வரும். துணைச் சட்டத்தின் முனையைச் சாய்வாகச் சீவாமல் செங்குத்தாக வெட்டி விட்டிருந்தால், வளைவுச் சுமை முழுக்க அந்த ஒரே கோட்டில் விழுவதுதான் காரணம். பின்னால் டெயில் லிஃப்ட் உள்ளவற்றில் பின் ஹேங்கருக்கு அப்பால் கவனியுங்கள்.

அளவு எல்லாம் எடுத்த பிறகு கம்பித் தூரிகையோடு ஒரு மணி நேரம் செலவிடுங்கள், இதைத் தவிர்க்கவே கூடாது. அளவில் நேராக இருக்கும் சேசிஸும் விரிசலோடு ஓடலாம். பின்தட்டில் வேலையாட்களை ஏற்றிச் செல்லும் லாரி என்றால் சாய்வைவிட இதுவே பெரிய விஷயம். ஹேங்கர் போல்ட்டைச் சுற்றி, குறுக்குச் சட்டம் சேரும் மூலையில், யாரோ வெல்டிங் செய்து ஒட்டிய தகட்டின் ஓரத்தில், விளிம்பின் நுனியில் பாருங்கள். பெயின்ட்டைக் கிழித்துக்கொண்டு மெல்லிய துருக்கோடு கசிந்தால் அங்கே விரிசல் என்றே கொள்ளுங்கள். சந்தேகமான இடத்தில் சிவப்புச் சாயச் சோதனை செய்யலாம்: சுத்தம் செய்து சாயம் அடித்து, டப்பாவில் சொன்ன நேரம் காத்திருந்து, துடைத்துவிட்டு வெள்ளைப் பூச்சு அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். ரிவெட் தளர்ந்திருந்தால் அதைச் சுற்றித் துருவளையம் இருக்கும். ஒரு முனையில் விரலை வைத்து மறுமுனையில் சுத்தியால் தட்டினால் அசைவு விரலுக்குத் தெரியும். இரட்டைத் தகடு போட்ட இடத்தில் நடுவே துரு பிடித்தால், துரு எஃகைவிடப் பல மடங்கு இடம் அடைத்துக்கொள்வதால் தகடுகள் பிதுங்கி ரிவெட்டை அறுத்துவிடும். சாய்வுக்கு இதுவே காரணமாக இருப்பதும் உண்டு.

நிலையான முறுக்கோ தள்ளலோ உறுதியானால் நிமிர்த்தும் வேலை குளிர்நிலையில் நடக்க வேண்டும். சேசிஸைச் சங்கிலியால் தரையில் கட்டி, ஹைட்ராலிக் ஜாக்கியால் கொஞ்சம் அதிகமாக இழுத்து, விட்டு, அளந்து, மறுபடி இழுக்க வேண்டும். காஸ் வைத்துச் சிவக்கச் சூடாக்கி அடிப்பதாகச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அதிக இழுவிசை எஃகு அந்தச் சூட்டில் தன் வலுவை இழக்கும், இன்று நேராகத் தெரிவது பாரம் ஏற்றியதும் மறுபடி தொய்யும். மேல் கீழ் விளிம்புகளில் ஓட்டை போடுவதும் வெல்டிங் செய்வதும் கூடாது, வளைவுச் சுமை அதிகம் விழுவது அந்த விளிம்புகளில்தான். தளர்ந்த ரிவெட்டுக்குப் பதிலாக, ஓட்டையைச் சீர்செய்து இறுக்கமாகப் பொருந்தும் 10.9 தர போல்ட் போடலாம். வெல்டிங் எதுவானாலும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கணினிப் பெட்டி போய்விடும். சேசிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. சட்டத்தை வெட்டி ஒட்டுவதும் நீட்டுவதும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் முன் அனுமதி இல்லாமல் செய்யக்கூடாத வேலை.

செலவு செய்வதா என்பதை வாகன உரிமைச் சான்றிதழில் (COE) மீதி இருக்கும் ஆண்டுகளை வைத்து முடிவு செய்யுங்கள். சரக்கு வாகனத்துக்கு மொத்த ஆயுள் 20 ஆண்டு. 10 ஆண்டைத் தாண்டிய லாரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். நான்கைந்து ஆண்டு மீதியிருந்து, முறுக்கு ஒரே இடத்தில் மட்டும் இருந்து, துரு மேலோட்டமாக இருந்தால் நிமிர்த்துவதில் நியாயம் இருக்கிறது. விரிசல் இரண்டு மூன்று இடங்களில் இருந்தாலோ, சுத்தியால் தட்டும்போது துரு தகடு தகடாக உதிர்ந்தாலோ நான் செலவு செய்யச் சொல்ல மாட்டேன்.

பட்டறைக்குப் போகும்போது அளவெடுத்த தாளைக் கையில் கொண்டுபோங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் அதே புள்ளிகளில் எடுத்த எண்களை எழுதித் தரச் சம்மதிப்பவரிடம் மட்டும் கொடுங்கள். நிமிர்த்திய பிறகு புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம், பிரேக் குழாய்கள் எங்கும் உரசாமல் இருப்பது, ஆக்சில் அளவுகள் ஆகியவற்றைப் பார்த்த பின்னரே அலைன்மென்ட்டுக்கு விட வேண்டும். அரைப் பாரத்தோடு ஒரு வாரம் ஓட்டிவிட்டு யு போல்ட்டுகளையும் புதிய போல்ட்டுகளையும் மறுபடி முறுக்கி, மூலைவிட்டங்களை இன்னொரு முறை அளந்து பாருங்கள்.